பாலத்தின் இக்கரையில்

பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கிச் செல்லும் சாலை நிரம்பி வழியும். பேருந்துகளும் மகிழுந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்குலம் அங்குலமாக நகரும். பின்னிருக்கைகளில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் பலர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். வேலைக்காக வந்த நாட்டிலிருந்து சொந்த ஊருக்குப் போகிறவர்கள். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே அதிகம். கொவிட்-19 கிருமித்தொற்றுக்கு முன்பு, நாள்தோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அதைக் கடந்து சென்று வந்தார்கள்.

உட்லண்ட்ஸில் வசித்த ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பமும் எட்டு ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருந்தது. தந்தை மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். தாய் ஒரு மருத்துவமனையில் தாதி. மகள் உயர்நிலை ஒன்றிலும் மகன் தொடக்கநிலை ஒன்றிலும் படித்தனர். பதினோராவது மாடியில் இருந்த அவர்களுடைய வீட்டு நடைபாதையில் நின்றால், நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். ஆனால், அவர்களுடைய ஊர் அங்கில்லை. அது 600 கிலோமீட்டருக்கும் அப்பால், பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரில் இருந்தது. அங்கே பெரியப்பாவின் குடும்பத்தோடு பாட்டி வாழ்ந்துவந்தார்.

விடுமுறை என்றால் தைப்பிங். அதில் மாற்றமே இருந்ததில்லை. 1880ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட ஏரிப் பூங்காவைச் சுற்றி மாலை நடை, நீரைத் தொடுமளவு கிளைதாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள், எந்த நேரத்திலும் கொட்டிவிடும் மழை, இரவில் பாட்டியின் கதைகள் என அந்த நாள்கள் கழியும். சிங்கப்பூர் வேலைக்கும் பள்ளிக்கும் உரிய இடமாக மட்டுமே இருந்தது. எட்டு ஆண்டுகள் வாழ்ந்தும், அந்தத் தீவை அவர்கள் சுற்றிப் பார்த்ததே இல்லை. விடுமுறை தொடங்கிய அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் விடுமுறைக்கும் அப்படித்தான் ஆயத்தமானார்கள். தாய்க்கு 18ஆம் தேதி புதன்கிழமையிலிருந்துதான் விடுப்புக் கிடைத்தது. பயணப்பை முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தது. பாட்டியின் முழங்கால் வலிக்குக் கோடாலித் தைலம், பெரியம்மாவுக்கு ஒரு புடவை, மகனுக்குப் புதிதாக வாங்கிய நீலச்சட்டை எல்லாம் அதில் இருந்தன. 16ஆம் தேதி இரவு, மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தது. 18ஆம் தேதியிலிருந்து எல்லைகள் மூடப்படும் என்ற செய்தி வந்தது. முதலில் இரண்டு வாரங்களுக்குத்தான் அந்த ஆணை.

“இரண்டு வாரம்தானே! ஜூன் விடுமுறைக்குப் போய்க்கொள்ளலாம்,” என்றார் தந்தை. பயணப்பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்கள்.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. ஏப்ரலில் சிங்கப்பூரிலும் கட்டுப்பாடுகள் வந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்தார்கள். ஜூன் விடுமுறை மே மாதத்திற்கு முன்கொண்டுவரப்பட்டது. அது முழுவதும் நான்கு சுவர்களுக்குள்ளேயே கழிந்தது. தாய் மட்டும் நாள்தோறும் மருத்துவமனைக்குச் சென்று, முகக்கவசத்தின் தழும்போடு வீடு திரும்பினார். ஆகஸ்டு மாதத்தில், எல்லை கடந்து வேலை செய்பவர்களுக்கென ஒரு சிறப்பு ஏற்பாடு தொடங்கியது. ஆயினும், தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டிய நாள்களையும் பள்ளி நாள்களையும் கணக்கிட்டுப் பார்த்தபோது, பிள்ளைகளோடு குடும்பமாகச் சென்றுவர வழி தெரியவில்லை. தீபாவளிக்கும் போக முடியாது, ஆண்டிறுதி விடுமுறைக்கும் போக முடியாது என்பது செப்டம்பரிலேயே தெளிவாகிவிட்டது.

பாட்டியிடம் வாரந்தோறும் காணொளியில் பேசினார்கள். பேச்சு என்று அதைச் சொல்வதுகூடக் கடினம்தான்.

“சாப்பிட்டாயா, அய்யா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டாய்?”

“சோறு.”

அவ்வளவுதான். பேரன் கைப்பேசியை அக்காளிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். அவனுக்குத் தமிழ் பேசத் தெரியாமல் இல்லை. ஆண்டுதோறும் ஆறு வாரம் பெரியப்பா பிள்ளைகளோடு விளையாடி, சண்டையிட்டு, பாட்டியின் மடியில் கதை கேட்டுத்தான் அவனுடைய தமிழ் வளர்ந்திருந்தது. அந்த ஆறு வாரமும் இப்போது இல்லை. வீட்டிலும் பள்ளிப் பாடங்களிலும் அவன் ஆங்கிலத்திலேயே மூழ்கியிருந்தான். ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியாதபோது பேச்சையே நிறுத்திவிடுவது அவனுக்கு எளிதாக இருந்தது. பாட்டிக்கோ ஆங்கிலம் தெரியாது.

ஒருநாள் பாட்டி தம் மகனிடம், “பிள்ளை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே! வரவில்லை என்று நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? என்மேல் கோபமா?” என்று கேட்டார். தந்தையால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு அவர் கட்டிலுக்கு அடியிலிருந்த பயணப்பையை இழுத்துப் பிரித்தார். நீலச்சட்டையை மகனுக்குப் போட்டுப் பார்த்தார். பொத்தான் மூடவில்லை. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த ஒன்று, காத்திருக்காமல் கைநழுவிப் போய்க்கொண்டிருப்பது அப்போதுதான் வீட்டார் எல்லாருக்கும் உறைத்தது. இரத்தானது ஒரு பயணம் மட்டுமன்று. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே இருந்த பேச்சும் அதனோடு இரத்தாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் மகள் ஒரு தாளை எடுத்து, ‘ஊருக்குப் போனால் நாம் என்னென்ன செய்வோம்?’ என்று தலைப்பிட்டாள். முறுக்குச் சுடுவது, ஏரிப் பூங்காவில் நடப்பது, கதை கேட்பது, பெரியப்பா பிள்ளைகளோடு விளையாடுவது, பாட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு, இங்கிருந்தே செய்யக்கூடியவற்றுக்கு எதிரே ஒரு குறியிட்டாள். தைலம் தேய்ப்பதற்குக் குறியிட முடியவில்லை. “அதை அப்படியே விட்டுவிடு. முடியாததை முடியும் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மற்றவற்றைப் பார்ப்போம்,” என்றார் தாய்.

முதலில் முறுக்கு. அந்த ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி தீபாவளி. அதற்கு முந்தைய வாரம், சிங்கப்பூர்ச் சமையலறையில் தைப்பிங்கிலிருந்து பாட்டியின் ஆணைகள் பறந்தன. பாட்டி கைப்பேசியைப் பிடித்த விதத்தில், பாதி நேரம் அவர் வீட்டு மின்விசிறி மட்டுமே திரையில் சுழன்றது. தாயின் கைகள் மாவில் இருந்ததால், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பாட்டி கேட்பதற்குப் பதில் சொல்லும் வேலை மகனுக்கு வந்தது.

“மாவு எப்படி இருக்கிறது, அய்யா?”

“வெள்ளையாக இருக்கிறது, பாட்டி.”

“நிறத்தைக் கேட்கவில்லை. இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா?”

அவனுக்கு அந்த இரண்டு சொற்களும் தெரியாது. கையால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார் பாட்டி. “கல் மாதிரி இருந்தால் இறுக்கம், களிமாதிரி இருந்தால் தளர்வு,” என்று விளக்கினார். முதலில் பிசைந்த மாவு இறுக்கம். அச்சில் பிழியும்போதே முறுக்கு உடைந்தது. தேங்காய்ப்பாலைத் தெளித்துப் பிசைந்ததும் தளர்ந்துவிட்டது. எண்ணெயில் வடிவம் கலைந்தது. மூன்றாம் முறைதான் பதம் வந்தது. “இப்போது இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை!” என்று மகன் கத்தியபோது, திரையில் மின்விசிறிக்குப் பதிலாகப் பாட்டியின் சிரித்த முகம் தெரிந்தது.

தீபாவளியன்று இன்னொன்றும் நடந்தது. எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீடு பூட்டியே கிடந்ததால், அண்டை வீட்டார் அவர்களோடு பண்டிகையைக் கொண்டாடியதில்லை. அவ்வாண்டு மகளும் மகனும் முகக்கவசம் அணிந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து வந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டுச் சீன முதியவர், “நீங்கள் எப்போதும் ஊரில் இல்லாததால், இங்கே வாழ உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்,” என்றார். அந்தச் சொல் தந்தையைச் சிந்திக்க வைத்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்குச் சென்றார்கள். 2002ஆம் ஆண்டு இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், சேற்றுக்கு மேலே வேர்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சதுப்புநில மரங்களைக் காணலாம். சேற்றில் துடுப்புகளை ஊன்றித் தாவும் சிறு மீன்களும், நடைபாதையைக் குறுக்கே கடக்கும் நீர் உடும்புகளும் அங்குண்டு. சைபீரியா போன்ற தொலைதூரக் குளிர்நிலங்களிலிருந்து, செப்டம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. மரப்பலகை நடைபாதையில் நின்றவாறு மகன் பாட்டியை அழைத்தான். கைப்பேசியை வேர்களின் பக்கம் திருப்பினான்.

“அட! இது பாக்காவ் மரம் அல்லவா! கோலா செப்பெத்தாங் காடு மாதிரியே இருக்கிறதே!” என்றார் பாட்டி.

“உங்களுக்கு எப்படித் தெரியும், பாட்டி?”

அந்த ஒரு கேள்வியோடு பாட்டியின் இளமைக்காலம் திறந்துகொண்டது. தைப்பிங்கிற்கு அருகே கடலோரத்தில் இருக்கும் கோலா செப்பெத்தாங்கைச் சுற்றி, ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்பில் மாத்தாங் சதுப்புநிலக் காடு விரிந்துள்ளது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முறைப்படி பராமரிக்கப்பட்டுவரும் காடு அது. அங்கே வெட்டப்படும் பாக்காவ் மரங்களை, பெரிய குடில் போன்ற சூளைகளில் மூட்டமிட்டுக் கரியாக்குவார்கள். சிறுமியாக இருந்தபோது தம் தந்தையோடு அங்கே மீன் வாங்கச் சென்றதையும், சூளையின் புகைவாசம் பாவாடையில் ஒட்டிக்கொண்டதற்காகத் தாயிடம் திட்டு வாங்கியதையும் பாட்டி சொன்னார். “அங்கே எப்படிப் போனீர்கள்? பேருந்திலா?” என்று கேட்டான் பேரன். “இரயிலில்!” என்றார் பாட்டி. மலாயாவின் முதல் இரயில்பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து அந்தக் கடலோர ஊருக்குத்தான் போடப்பட்டது. அப்போது அந்த ஊருக்குப் போர்ட் வெல்ட் என்று பெயர். பாதையின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இன்று இரயில் இல்லை. ஆனால், ஊரின் பழைய பெயரைத் தமிழிலும் தாங்கிய நிலையப் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது.

“தமிழிலா? நான் அதைப் படிக்க வேண்டும்,” என்றான் பேரன்.

அன்று அவர்கள் நாற்பது நிமிடம் பேசினார்கள். அத்தனை மாதம் பெற்றோர் அவனை, “பாட்டியிடம் பேசு, பேசு,” என்று வற்புறுத்தியிருந்தார்கள். வெறும் வற்புறுத்தலால் பேச்சு வராது. பேசுவதற்கு ஒரு பொருள் வேண்டும். தைப்பிங்கில் அந்தப் பொருள் கொல்லையிலும் சமையலறையிலும் ஏரிக்கரையிலும் தானாகக் கிடைத்தது. இங்கே அதைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு வாரத்திற்கு ஓர் இடம் என்று முடிவாயிற்று. பார்த்த இடத்தைப் பற்றிப் பாட்டிக்குச் சொல்லும் பொறுப்பு மகனுடையது. தெரியாத சொல்லுக்கு அக்காள் உதவுவாள். அவளுக்கும் தெரியாவிட்டால் பாட்டியிடமே கேட்பார்கள். பாட்டியும் சும்மா இருக்கவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்த வேளைகளில் பெரியப்பாவோடு ஏரிப் பூங்காவிற்குச் சென்று, எந்த மரத்தின் கிளை நீருக்குள் இறங்கியிருக்கிறது, எந்த மரத்தில் புதிய தளிர் வந்திருக்கிறது என்று காட்டினார்.

2021ஆம் ஆண்டு ஜூன் விடுமுறையின் கடைசி வாரத்தில், பழைய இரயில்பாதையில் நடக்கச் சென்றார்கள். முன்பு மலேசிய இரயில்கள் கடற்பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸ் வழியாகத் தஞ்சோங் பகார் நிலையம்வரை வந்தன. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கடைசி இரயில் அந்த நிலையத்தைவிட்டுப் புறப்பட்டது. தண்டவாளங்களின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் பசுமை நடைபாதையாக மாறிவருகிறது. புக்கிட் தீமாவில் சாலைக்கு மேலே நிற்கும் இரும்புப் பாலத்திலிருந்து மகள் பாட்டியை அழைத்தாள். பன்னிரண்டு வயதில், செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் வேலை செய்த தம் அண்ணனைப் பார்க்கப் பாட்டி இரயிலில் சிங்கப்பூர் வந்த கதையை அப்போதுதான் சொன்னார்.

“அப்படியென்றால் இந்தப் பாலத்தின் மேல்தான் போயிருப்பீர்கள், பாட்டி!”

“போயிருப்பேன். இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில் தூங்கியிருப்பேன்!” என்று சிரித்தார் பாட்டி. “அப்போதெல்லாம் கடப்பிதழ் யார் கேட்டார்கள்?”

எல்லா நாள்களும் இப்படி அமையவில்லை. அதே ஆண்டு, ஈப்போவில் வாழ்ந்த பாட்டியின் தங்கை காலமானார். இறுதிச்சடங்கைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்கள். இணைப்பு இருமுறை துண்டித்தது. பாட்டி அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள அவர்களுள் ஒருவராலும் முடியவில்லை. தாளில் குறியிடப்படாமல் விட்டவற்றின் பொருள் அன்று மகளுக்கு நன்றாகப் புரிந்தது. எந்த ஏற்பாடும் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடாது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி எல்லைகள் முழுமையாகத் திறந்தன. ஜூன் விடுமுறையில் அக்குடும்பம் தைப்பிங் சென்றது. வாசலுக்கு வந்த பாட்டி கைத்தடியை ஊன்றி நடந்தார். இரண்டாண்டுகளாகத் திரையில் முகத்தை மட்டுமே பார்த்தவர்களுக்கு, அவர் அவ்வளவு மெலிந்திருப்பது தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு மகள் யாரும் சொல்லாமலேயே தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு பாட்டியின் காலடியில் அமர்ந்தாள்.

பேரனுக்கோ பேச்சு ஓயவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்பவனைப்போல, கரிச்சூளையை எப்போது பார்ப்பது, இரயில் எந்தப் பக்கமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் கோலா செப்பெத்தாங்கில், அந்தப் பழைய பெயர்ப்பலகையின் முன் நின்று தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். பாட்டி கைத்தடியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வேற்று நாட்டில் வாழ்பவர்களுக்கு, விடுமுறை என்பது ஓய்வு மட்டுமன்று. அது உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் காலமும்கூட. நோயோ, புயலோ, வேலையோ அதைத் தடுத்துவிட்டால், ஏமாற்றம் இயல்பானதே. எனினும், பயணம் நின்றுபோனால் அப்பயணத்தின் நோக்கமும் நின்றுபோக வேண்டும் என்பதில்லை. யாருக்காகப் புறப்பட்டோம், அங்கே எதைச் செய்திருப்போம் என்று கேட்டுப் பார்த்தால், இருக்கும் இடத்திலிருந்தே காப்பாற்றக்கூடிய சிலவேனும் கிடைக்கும். காப்பாற்ற முடியாதவை எவை என்பதும் தெரியவரும். வாய்ப்புக் கிடைக்கும்போது முதலில் அவற்றைச் செய்யலாம்.

அக்குடும்பம் தைப்பிங்கிலிருந்து திரும்பும் நாளில், பாட்டி தம் துணிகள் அடங்கிய சிறிய பையொன்றை மகிழுந்தில் வைக்கச் சொன்னார். அதுவரை எத்தனை முறை அழைத்தும் சிங்கப்பூருக்கு வர மறுத்தவர் அவர்.

“அந்தப் பாக்காவ் காட்டை நான் நேரில் பார்க்க வேண்டாமா?” என்றார்.

பேரன் முந்திக்கொண்டு, “நான் வழி காட்டுகிறேன், பாட்டி,” என்றான்.